மேடத்து மேளம்

சித்திரை பிறந்துவிட்டால் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கால் தரையில் பாவாது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். பம்பாய், பெங்களூர், துபாய் என்று போய்விட்ட மகனும் மகளும் பேரப் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். இதே மாதத்தைத்தான் மலையாளிகள் மேடம் என்கிறார்கள். நமக்குப் புத்தாண்டாகவும் அவர்களுக்கு விஷுவாகவும் தொடங்குகிற மாதம். கார்த்திகையில் ஆரம்பித்த கோவில் உற்சவங்கள் இந்த மாதத்தில் உச்சத்துக்கு வரும். மேடத்தில் பூர நட்சத்திரத்தன்று திருச்சூர் பூரம்.

"வந்தவர்களைப் பூரத்துக்கு அழைத்துப் போக வேண்டும், எந்த வண்டி சௌகரியம்?" என்று சங்கத்து அன்பர்கள் ஆண்டுதோறும் என்னைக் கேட்பது வழக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் டிக்கெட் விஷயம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை. நான் தண்டவாளம் பார்த்தவன், டிக்கெட் பார்த்தவன் அல்ல. சொன்னால் யார் கேட்கிறார்கள்! வண்டி விவரம் சொல்லி முடித்ததும் இன்னொரு கேள்வி வரும். "மூன்று மணி நேரம் ஒரே சத்தம்தானே சார், அதில் அப்படி என்ன இருக்கிறது?" இதற்கு மட்டும் வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு கேங்மேன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, எர்ணாகுளம், ஷொர்ணூர் மார்க்கத்தில் பாதை பராமரிப்பில் இருந்த நாட்கள் அவை. திருச்சூர்ப் பக்கத்துக்காரரான அவர் பரம்பரையாக இலத்தாளம் வாசிக்கிற குடும்பம். மீனமும் மேடமும் வந்தால் அவருடைய லீவு விண்ணப்பம் என் மேசைக்கு வந்துவிடும். "சாரே, ஒரு தடவை முதலிலேயே வந்து நில்லுங்கள், கடைசியில் வராதீர்கள்" என்பார். மேளம் கேட்பதைப் பற்றி இதைவிடச் சிறந்த உபதேசம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் வாத்தியங்களைச் சொல்லிவிடுகிறேன். செண்டை, பலா மரத்தைக் குடைந்து செய்வது. சுமார் 2 அடி உயரம், 1 அடி விட்டம். மாட்டுத் தோல் போர்த்திய இரண்டு முகங்கள். இடந்தலை என்கிற முகத்தில் கீச்சென்ற கூர்மையான நாதம். வலந்தலையில் தோலைப் பல அடுக்காக ஒட்டியிருப்பதால் கனத்த நாதம். முன்வரிசையில் நிற்பவர்கள் இடந்தலையில் சொற்கட்டுகளை உருட்டி வாசிக்கிறவர்கள். அவர்கள் நடுவில் நிற்பவர்தான் பிரமாணி, அதாவது மேளத்தின் தலைவர். பின்வரிசைக்காரர்கள் வலந்தலையில் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் பின்னால் கனத்த வெண்கல இலத்தாளக்காரர்கள். செண்டைக்காரர்களுக்கு எதிர்முகமாகக் குழல் வாசிப்பவர்கள், குழலுக்குப் பின்னால் வளைந்த கொம்பு ஊதுபவர்கள். நம் நாகஸ்வரத்தின் தம்பி போல இருக்கும் அந்தக் குழல். ஆனால் நம் நாகஸ்வரக் கச்சேரியில் ராகம் முன்னால் போகும், தவில் கூடவே வரும். இங்கே பாட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். தாளம்தான் கச்சேரி. குழலும் கொம்பும் அந்தத் தாளத்தின் திருப்பங்களை எடுத்துக் காட்டுகின்றன.

அந்தத் தாளம் எப்படி நடக்கிறது என்பதை என் தொழிலை வைத்தே சொல்கிறேன். அந்தக் காலத்தில் அகலப் பாதைத் தண்டவாளம் ஒவ்வொன்றும் 13 மீட்டர் நீளம். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கும். உங்கள் இருக்கைக்குக் கீழே உள்ள ஒரு சக்கரத்தின் 'டக்'கை மட்டும் எண்ணுங்கள். 47 விநாடிகளில் எத்தனை வருகிறதோ, ஏறக்குறைய மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓடுகிறது என்று பொருள். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்துவிட்டதால் இந்தக் கணக்குக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பேரனுக்குச் சொன்னால் கைப்பேசியில் வேகம் காட்டுகிறான்.

மேளத்திலும் இப்படி ஜாயிண்டுகள் உண்டு. ஒரு தாளச் சுற்று முடியும் இடத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து வந்து விழும். அதைக் கலாசம் என்கிறார்கள். பஞ்சாரி மேளம் 6 அட்சரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். அடுத்த காலத்தில் 48. பிறகு 24, 12, கடைசியில் 6. ரயிலில் வேகம் மட்டும்தான் கூடும், ஜாயிண்டுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. இங்கே வேகமும் கூடுகிறது, தண்டவாளத்தின் நீளமும் ஒவ்வொரு காலத்துக்கும் பாதியாகிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் ஒரு கலாசத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். முடிவில் மூச்சு விட நேரமிருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் காலமான பதிகாலம்தான் நீளமானது. பெரிய கோவில்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும் பஞ்சாரியில் அதற்கே பெரும்பங்கு. அப்போது கூட்டம் குறைவாக இருக்கும். பலர் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக, கைகளை ஆட்டிக் கூச்சலிடும் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேருவார்கள். அவர்களுக்கு அது சத்தமாகத்தான் கேட்கும். 96இலிருந்து 6 வரை கூடவே நடந்து வந்தவனுக்குத்தான் அந்த 6 எங்கிருந்து வந்தது என்று தெரியும். இறக்கத்தில் போகிற வண்டியில் நடுவழியில் ஏற முடியுமா?

வழி தவறினால் செண்டையைப் பார்க்காதீர்கள், இலத்தாளக்காரரின் கையைப் பாருங்கள். எத்தனை பெரிய வித்வான் எப்படி உருட்டினாலும் கணக்கு அந்தக் கையில்தான் இருக்கிறது. எங்கள் கேங்மேன் சொன்னபடி, "செண்டைக்குக் கைதட்டல், எங்களுக்குக் கணக்கு."

பாண்டி மேளம் வேறு. அது 7 அட்சரத்தை அடிப்படையாகக் கொண்டது. 56, 28, 14, 7 என்று இறங்கும். பாண்டி என்பது மலையாளத்தில் நம்மைக் குறிக்கிற சொல்லும்கூட. அது எப்போதும் பாராட்டாகச் சொல்லப்படுவதில்லை என்பது இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பஞ்சாரி கோவில் மதிலுக்குள்ளே வாசிப்பது, பாண்டி மதிலுக்கு வெளியே வாசிப்பது என்பது பொது வழக்கம். அதற்குப் பெரிய விதிவிலக்குதான் திருச்சூர் வடக்குநாதன் கோவில் மதிலகத்துக்குள் நடக்கும் இலஞ்சித்தற மேளம். இலஞ்சி என்பது நம் மகிழ மரம். பூரத்தன்று பிற்பகல் சுமார் இரண்டு, இரண்டரை மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம், 200க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அந்த மரத்தடியில் பாண்டி வாசிக்கிறார்கள். பாறமேக்காவு பக்கத்து மேளம் இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்குப் பிரமாணியாக நின்றவர் பெருவனம் குட்டன் மாரார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2023இலிருந்து அந்தப் பொறுப்பைக் கிழக்கூட்டு அனியன் மாரார் ஏற்றார்.

பூரத்தையே ஏற்படுத்தியவர் கொச்சியை 1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான். அதற்கு முன் ஆறாட்டுப்புழைப் பூரம்தான் பெரியது. ஒரு வருஷம் பெருமழையால் தாமதமாகப் போய்ச் சேர்ந்த திருச்சூர்க் கோவில்காரர்களை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை என்றும், அவர்கள் முறையிடவே தம்புரான் வடக்குநாதன் சந்நிதியில் தனிப் பூரம் ஆரம்பித்தார் என்றும் சொல்வார்கள். தாமதமாக வந்த வண்டியினால் புது மார்க்கமே பிறந்த கதை!

பாறமேக்காவுக்கு எதிர்த்தரப்பு திருவம்பாடி. அவர்களுடைய 'மடத்தில் வரவு' பஞ்சவாத்தியத்தை நம்மவர்கள் தவற விடவே கூடாது. காலை பதினொன்றரை மணி வாக்கில் தொடங்கும். திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு என்று ஐந்து. சங்கு ஊதித் தொடங்குவார்கள். இதில் செண்டை கிடையாது. பதிகாலத்தில் ஒரு சுற்றுக்கு 896 அட்சரம்! பிறகு 448, 224, 112, 56 என்று பாதி பாதியாகக் குறையும். இன்று நாம் கேட்கும் இந்த அமைப்பு பழைய காலத்திலிருந்து அப்படியே வந்ததல்ல. 1930களில் சில வித்வான்கள் கூடி உட்கார்ந்து வடிவமைத்தது. திமிலைக்கு அன்னமனடை அச்சுத மாரார், செங்ஙமனாடு சேகரக் குறுப்பு ஆகியோர். மத்தளத்துக்குத் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி. வெங்கிச்சன் சுவாமி என்பவர் வெங்கடேசுவர ஐயர், தமிழ் பேசும் குடும்பத்தவர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1912இல் பிறந்த பழயனூரும் அந்தத் திருவில்வாமலைப் பக்கம்தான். பூரம் மலையாளிகளுடைய சமாசாரம், நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம் என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ரயிலுக்கும் உற்சவத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது 1902இல். அப்போது மன்னர் பதினைந்தாம் ராமவர்மா. ரயில் பாதைக்குப் பணம் போதாமல், திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசன் கோவிலில் யானைகளுக்கு அணிவிக்கும் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14ஐ அவர் விற்றார் என்று இன்றும் கொச்சியில் சொல்வார்கள். அந்தப் பாதையில்தான் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி கழிந்தது. உற்சவக் கூட்டத்தோடு வண்டி போகும்போதெல்லாம், யானையின் நெற்றியிலிருந்து இறங்கிய பொன்னின் மேல் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி, வீட்டுக்கு வந்தவர்களை அழைத்துப் போகும் விஷயம். மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த மாதம் பத்துப் பேருக்குக் குறையாது. அக்கா அம்பாசமுத்திரத்தில் இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலை எர்ணாகுளம் டவுனில் இறங்குவாள். அவளுக்கு எழுபத்தைந்து வயது. அவளைத் திருச்சூர் பூரத்துக்கு அழைத்துப் போகமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி. மேடத்து வெயில், தேக்கின்காடு மைதானத்தில் நகர முடியாத கூட்டம், மாலை குடைமாற்றம் முடிந்து திரும்பும்போது பெட்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது. எர்ணாகுளத்திலிருந்து திருச்சூர் சுமார் 75 கிலோமீட்டர்தான், ஆனால் அன்றைக்கு அது வேறு தூரம். வாலிபர்கள் போகட்டும். காலையில் போய் மடத்தில் வரவு கேட்டு, இலஞ்சித்தற மேளத்துக்கு நின்று, இருட்டுவதற்குள் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவது உத்தமம். விடியற்கால வாணவேடிக்கைக்குத் தங்குவது அவரவர் உடம்பைப் பொறுத்தது.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் நான் சொல்வது இரிஞ்ஞாலக்குடா. அங்கே கூடல்மாணிக்கம் கோவில், பரதன் மூர்த்தி. திருச்சூர் பூரத்துக்கு மறுநாள் உத்திரத்தன்று கொடியேறித் திருவோணம் வரை உற்சவம். விசாலமான மதிலகம், 17 யானைகள், பஞ்சாரி மேளம். பல நாள் நடப்பதால் கூட்டம் பிரிந்துவிடும். ஓரமாக உட்கார்ந்து முதல் காலத்திலிருந்து கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: இரிஞ்ஞாலக்குடா ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, கல்லேற்றுங்கரையில் இருக்கிறது. இறங்கிப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். மேடத்தில் முடியாதவர்கள் விருச்சிகம் வரை, அதாவது கார்த்திகை வரை, காத்திருந்தால் திருப்பூணித்துறையில் 8 நாள் உற்சவம் இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ ரயிலே திருப்பூணித்துறை வரை போகிறது. குளிர்ந்த காலம். என் அபிப்பிராயத்தில் குடும்பத்தோடு மேளம் கேட்க அதுதான் முதலிடம், பூரம் இரண்டாமிடம். திருச்சூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கைக்குழந்தைகளை மேளத்துக்கு நேர் எதிரே கொண்டு நிறுத்தாதீர்கள். பெரியவர்களும் கொம்பு ஊதுபவர்களுக்கு அருகில் போகாமல், பக்கவாட்டில் இருபது முப்பது அடி தள்ளி நிற்பது நல்லது. எல்லா வாத்தியமும் சமமாகக் கேட்கும். யானைக்கும் மேளத்துக்கும் இடையில் போக வேண்டாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இலத்தாளத்தை எண்ணும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். துபாயிலிருந்து வந்த என் பேத்தி முதல் அரை மணி முகத்தைச் சுளித்தாள். 24க்கு வந்தபோது, "தாத்தா, பேசாதீங்க, எண்ணிக்கை தப்புது" என்றாள்.

நமக்கு இது சொந்தங்கள் ஒன்றுகூடும் மாதம். மேளக்காரர்களுக்கோ வீடு தங்காத மாதம். இன்று ஒரு பெரிய கோவில், நாளை ஒரு கிராமக் காவு, மறுநாள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வேலை. அதிகாலை வண்டிகளில் செண்டையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தோளில் தொங்கும் செண்டையோடு மூன்று மணி நேரம் வெயிலில் நின்று வாசித்துவிட்டு, அன்றிரவே அடுத்த ஊர். சில மாதச் சம்பாத்தியம் வருஷம் முழுவதற்கும் ஓட வேண்டும். கொரோனாவால் 2020இல் திருச்சூர் பூரம் கோவிலுக்குள் வெறும் சடங்காக நடந்தது. 2021இல் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மற்ற உற்சவங்களும் அப்படியே. அந்த இரண்டு சீசன்களும் போனது நமக்கு ஒரு வேடிக்கை குறைந்ததாக இருக்கலாம். எங்கள் கேங்மேனுக்கு ரயில்வேச் சம்பளம் இருந்தது. அவருடைய தம்பிக்கு மேளம் மட்டும்தான். அவர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார். திரும்பி வந்துவிட்டார் என்பது சந்தோஷம், ஆனால் கூடப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

இதையொட்டிச் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. நம் ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினரை வரவேற்கச் செண்டைக்காரர்களை அழைக்கிறோம். கேட்டிலிருந்து மேடை வரை பத்து நிமிஷம் வாசிக்கிறார்கள். பிறகு அவர்கள் எங்கே போனார்கள், சாப்பிட்டார்களா என்று பார்ப்பவர் இல்லை. விருந்தினர் பேச்சு ஒன்றரை மணி நேரம்! அடுத்த விழாவில் கூட்டம் தொடங்குமுன் அவர்களில் ஒருவரை முக்கால் மணி நேரம் தாயம்பகை வாசிக்கச் சொல்லலாம். தனிச் செண்டைக் கச்சேரி அது. பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கலாம். முதல் பந்தியில் வாத்தியக்காரர்களுக்கு இலை போடலாம். செலவு அதிகமாகாது, நான் விசாரித்துவிட்டேன்.

ஒரு முறை லீவு விண்ணப்பத்தோடு கேங்மேனின் மனைவியும் ஆபீசுக்கு வந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. கையெழுத்துப் போடுமுன், "இந்த நிலைமையில் போக வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடத்தில் இவர் எனக்குப் புருஷன் இல்லை சாரே, விருந்தாளி. வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போவார்." கையெழுத்துப் போட்டேன். மகளுக்கு இரண்டு நாளில் குணமாயிற்று. அவர் மேளத்தை முடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுக்கு வேட்டியோடு பெஞ்சில் படுத்துத் தூங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இடவத்தில் மழை பிடித்தால் செண்டைத் தோல் ஊறித் தொய்ந்துபோகும். உற்சவங்கள் நின்றுவிடும். நம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பி, பள்ளிக்கூடங்களும் திறந்திருக்கும். அப்போதுதான் மேளக்காரர்கள் வீடு திரும்பி, உறவுக்காரர்களைப் பார்க்கக் கிளம்புவார்கள். எங்கள் கேங்மேனும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், மேளத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மனைவி, மகள், பேரனோடு படகில் வந்து இறங்குவார். மட்டாஞ்சேரி அரண்மனை, பழயன்னூர் பகவதி கோவில் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டு, மாலை வரை இருப்பார்கள். இடது காது இப்போது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. வலப்பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.